கால் நொடித் தாமதம்

அவள் பேனாவால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள். டொக். கொஞ்சம் பொறுத்து ஹெட்போனுக்குள் இன்னொரு டொக் கேட்டது. காலையிலிருந்து இதே வேலைதான். "யாராவது கதவைத் திறங்கப்பா, பாவம், எவ்வளவு நேரமா தட்டுது அந்தப் பொண்ணு" என்று எதிர் மேசையிலிருந்து கேலி வந்தும் ஒரு மணி நேரம் ஆயிற்று.

சத்தம் காதைப் பிளக்கும் பட்டறைகளில் காதை மூடிக்கொண்டு வேலை செய்பவர்களுக்காக அந்தக் கருவி. பட்டறை இரைச்சல் வெளியே நிற்க வேண்டும், எதிரில் இருப்பவர் பேச்சு மட்டும் மைக் வழியாக உள்ளே வந்து ஹெட்போனில் கேட்க வேண்டும். உள்ளங்கை அளவு போர்டு, அதன் ஓரத்தில் மிளகு அளவு மைக். அந்த மைக் சத்தத்தைச் சத்தமாகத் தராது. ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம் என்று நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் கொட்டிக்கொண்டே இருக்கும். அதைச் சலித்து, மறுபடி சத்தமாக்கி, காதுக்கு அனுப்பி வைப்பது அவள் எழுதிய புரோகிராமின் பொறுப்பு.

வரும் சத்தத்தைச் சிப்பின் நினைவில் பிடித்துவைப்பது, குழாயடியில் இரண்டு வாளி வைத்துத் தண்ணீர் பிடிப்பது போலத்தான். ஒன்று நிறையும்போது மற்றதை ஊற்றிக் காலி செய்ய வேண்டும். வாளி சின்னதாக இருந்தால் மாற்றி வைப்பதற்குள் சிந்திவிடும். காதில் கரகரவென்று கேட்கும். போன வாரம் முழுக்க அந்தக் கரகரப்போடு மல்லுக்கட்டி, கடைசியில் வெறுத்துப்போய் வாளியைப் பெரிதாக்கிவிட்டாள். கரகரப்பு ஒழிந்தது. பதிலுக்கு, பெரிய வாளி நிறையும்வரை காத்திருந்து, சத்தம் கால் நொடி தாமதமாக வந்தது. பேனாவால் தட்டிப் பார்த்தபோது அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பேசிப் பார்க்க அவளுக்குத் தோன்றவும் இல்லை. ஆபீசில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தால் எதிர் மேசைக்காரன் சும்மா விடுவானா?

மேனேஜர் வந்தார். ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு, "பேசும்மா" என்றார்.

"என்ன சார் பேசறது?"

"இதையே பேசு."

அவள் இதையே பேசினாள். அவர் அவள் வாயை உற்றுப் பார்த்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"வாய் முன்னாடி போகுது, சத்தம் பின்னாடி மூச்சு வாங்கிட்டு வருதேம்மா. திங்கக்கிழமை பட்டறைக்காரங்க பார்க்க வர்றாங்க. ஞாபகம் இருக்குல்ல?"

"சரி பண்ணிடறேன் சார். வெள்ளிக்கிழமைக்குள்ள."

திங்கட்கிழமையைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. அவளைப் படுத்திக்கொண்டிருந்தது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு காலை பத்து மணிக்குத் தந்தி அவள் வீட்டுக்கு வருகிறான், அப்பாவிடம் பேச.

தந்தி என்பது ஆபீஸ் வைத்த பெயர். அந்தப் போர்டை வரைந்தவனும் அவன்தான், சிப்புகளைச் சூடு வைத்துப் பொருத்தியவனும் அவன்தான். பத்து வார்த்தை வேண்டிய இடத்தில் ஒரே வார்த்தையோடு முடித்துக்கொள்வான். காரணம் எல்லோருக்கும் தெரியும்: அவனுக்குப் பேச்சு திக்கும். சில எழுத்துகளில் கால் சிக்கிக்கொண்டதுபோல நின்றுவிடுவான். பேசாத மிச்சத்தையெல்லாம் சின்னச் சின்னச் சீட்டில் எழுதிப் போர்டின் முதுகில் ஒட்டி அனுப்புவான். அவளுக்கு வந்த முதல் சீட்டு: 'இதற்கு மூன்று வோல்ட் போதும். ஐந்து கொடுத்தால் என்னைப் போலப் பேச்சை நிறுத்திவிடும்.' அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த போர்டுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். இப்போது நாற்பத்தோரு சீட்டுகள் அவள் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. நாற்பத்தொன்றாவது சீட்டில் போர்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

அவன் அவளுக்கு வைத்த பெயர் அவசரம். இருவரும் சேர்ந்து உள்ளே வந்தால் "அவசரத் தந்தி வந்துடுச்சுப்பா" என்று ஆபீஸ் எழுந்து வழிவிடும். அவசரம் என்பது பொருத்தமான பெயர்தான். எதையும் பாதிக்கு மேல் படிக்க அவளுக்குப் பொறுமை கிடையாது. அவன் "ந... ந..." என்று தொடங்கினால் "நாளைக்கா?" என்று முடித்து வைப்பாள். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். உதவி செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவனும் தலையாட்டிவிடுவான்.

அவனுக்குப் பேச்சு திக்கும் என்ற ஒரு விஷயத்தை மட்டும் அவள் வீட்டில் சொல்லவில்லை.

அப்பா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக முப்பது வருடம் இருந்தவர். எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது, எது எவ்வளவு தாமதம் என்பதெல்லாம் ஊருக்கு அவர் குரலில்தான் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் கடைத்தெருவில் அவர் "ஒரு கிலோ வெங்காயம்" என்றால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லும் பழக்கம் மட்டும் போகவில்லை. "குளிக்கப் போறேன். குளிக்கப் போறேன்" என்பார். "ஒரு தடவை சொன்னா போதும், நான் ஏறப்போறதில்ல" என்பாள் அம்மா.

அவர் மனிதர்களைக் குரலால் எடை போடுகிறவர். போன வருடம் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை நல்ல வேலை, நல்ல குடும்பம். ஆனால் போனில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு அப்பா வைத்துவிட்டார். "வாய்க்குள்ள துணியை வச்சுக்கிட்டுப் பேசறான். வேண்டாம். வேண்டாம்." அதோடு அந்தக் கதை முடிந்தது.

அதனால்தான் அவள் "அவர் அதிகம் பேச மாட்டார்ப்பா" என்று மட்டும் சொல்லியிருந்தாள். "பரவாயில்ல. பேசற கொஞ்சத்தைத் தெளிவாப் பேசினா போதும்" என்றார் அப்பா. அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மேனேஜர் போன சற்று நேரத்தில் தந்தி வந்தான். போர்டில் ஏதோ இரைச்சல் வருகிறதென்று அவளே கூப்பிட்டிருந்தாள். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கருகே குனிந்தான். சோதித்துப் பார்க்க அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டியிருந்த எச்சரிக்கையைப் படித்தான்.

"இந்தக் கருவியை ஈரத்தில் வைக்கக் கூடாது. வெயிலில் வைக்கக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்."

அவள் கையிலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது.

இழுத்து இழுத்துத்தான் படித்தான். ஆனால் எங்கேயும் நிற்கவில்லை. 'க'வில் நிற்கவில்லை, 'கு'வில் நிற்கவில்லை. அவன் கண்ணும் அகலமாயிற்று. மைக்கைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"என்ன பண்ணின?" என்றான். "ஒண்ணும் பண்ணலையே, வாளியைத்தான் பெருசாக்கினேன்" என்றாள். "என் குரல் எனக்குப் பின்னாடி வருது. அது வர்றவரைக்கும் நான் நின்னு நின்னு போறேன். ஆனா மாட்டிக்கலை. பாரு, மாட்டிக்கலை."

அத்தனை நீளமாக அவன் பேசி அவள் கேட்டதே இல்லை. வெளியே யாரோ கதவைச் சாத்தினார்கள். அவன் ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

"எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"ந... நல்லா இருந்துச்சு." கொஞ்ச நேரம் யோசித்தான். "ஆ... ஆனா, சினிமாவுல யாரோ எனக்குக் கு... கு..."

"குரல் குடுக்கற மாதிரி" என்று முடித்தாள்.

அவன் தலையாட்டினான்.

அன்று மாலையே அவள் அதைப் பற்றித் தேடிப் படித்தாள். தன் குரலைத் தாமதமாகக் கேட்டால் திக்குகிறவர்களில் சிலருக்குப் பேச்சு சீராகுமாம். எல்லோருக்கும் இல்லை, எப்போதும் இல்லை. பக்கம் இன்னும் கீழே ஓடியது. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, மூடிவிட்டாள்.

வியாழன் முழுக்க உட்கார்ந்து வாளியைச் சின்னதாக்கினாள். கரகரப்பு வராமலிருக்க வேலைகளின் வரிசையை மாற்றி மாற்றிப் போட்டாள். காலால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். எதிர் மேசைக்காரன், "நேத்து கை, இன்னைக்குக் கால்" என்றான். வெள்ளிக்கிழமை தாமதம் கிட்டத்தட்ட இல்லாமல் போயிற்று. மேனேஜர் கேட்டுவிட்டு அவள் தோளில் தட்டினார். பிறகு தந்தி மாட்டிக்கொண்டு அதே அட்டைப்பெட்டியைப் படித்தான். "இந்தக் க... க... க..." என்றதும் நிறுத்தி, ஹெட்போனைக் கழற்றி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். வேலை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத்தான் எதையோ அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டதுபோல இருந்தது.

அவன் போனதும் அலமாரியிலிருந்து இன்னொரு போர்டை எடுத்தாள். பழைய புரோகிராமை, பெரிய வாளியோடு இருந்ததை, அதில் ஏற்றினாள். ஃபைலுக்கு 'ஞாயிறு' என்று பெயர் வைத்தாள்.

சனிக்கிழமை அரை நாள்தான் ஆபீஸ். வாசல் படிக்கட்டில் அவனை நிறுத்தி ஒரு சோப்பு டப்பாவை நீட்டினாள். மாதிரிக் கருவிகளைச் சோப்பு டப்பாவில் வைப்பது அவன் வழக்கம்தான். மூடியில் துளை போட்டு மைக் எட்டிப் பார்த்தது. ஓரத்தில் சின்ன பேட்டரி, காதுக்குள் செருகும் சின்ன ஹெட்போன். முதுகில் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'நாளைக்கு.'

அவன் ஹெட்போனைக் காதில் செருகி, மூடியை நகத்தால் ஒரு தட்டுத் தட்டினான். அந்த ஒரு தட்டே அவனுக்குப் போதும்.

"இது ப... பழைய வாளி."

"ஆமா. உனக்காக. சட்டைப் பையில வச்சுக்கோ. ஒரு காதுல மட்டும் போட்டுக்கோ, யாரும் கேட்டா ஆபீஸ் போன் வரும்னு சொல்லிக்கலாம். அப்பா அரை மணி நேரம்தான் பேசுவார். அவ்வளவுதான், அப்புறம் கழட்டிடலாம்."

அவன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உங்க வீட்ல எ... என்னைப் பத்தி சொ... சொ..."

"சொல்லலை" என்றாள் அவள்.

வாய் முந்திக்கொண்டுவிட்டது. அவன் 'சொல்லியிருக்கேல்ல?' என்று கேட்க வந்திருக்கலாம். 'சொன்னதுக்கு என்ன சொன்னாங்க?' என்று கேட்க வந்திருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. இரண்டு வருடமாக அவன் வார்த்தைகளை முடித்து வைத்தவள் இந்த வார்த்தையையும் முடித்து வைத்துவிட்டாள்.

"சொல்லணும்னுதான்... நேரம் வரலை. அப்பாவைப் பத்தி உனக்குத் தெரியாது. உன்னைப் பார்த்துப் பிடிச்ச பிறகு சொன்னா..."

அவன் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டான். எதிர்ப்பக்கம் பஸ் வந்து நின்றது, ஓடிப்போய் ஏறிக்கொண்டான். அவன் ஓடி அவள் பார்த்ததே இல்லை.

அன்று சாயங்காலம் அவள் அனுப்பிய மூன்று செய்திகளுக்கும் பதில் இல்லை. படித்துவிட்டான் என்பது மட்டும் தெரிந்தது. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள், நிமிர்த்தினாள், மறுபடி கவிழ்த்தாள். சமையலறைக்குப் போனாள், எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பினாள். "கூண்டுக்குள்ள விட்ட மாதிரி ஏன் இப்படி நடக்கற? தரை தேஞ்சிடும்" என்றாள் அம்மா.

அப்பா கூடத்தில் மறுநாளைக்குப் போடவேண்டிய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவள் எதிரில் போய் நின்றாள்.

"அப்பா."

"சொல்லும்மா."

"நாளைக்கு வர்றாரே, அவர்..."

"ம்."

வார்த்தை தொண்டைவரை வந்தது. வந்து நின்றது. அப்பா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"அவர் காப்பி குடிக்க மாட்டார்ப்பா. டீதான்."

"டீ. டீ" என்று அப்பா சமையலறைப் பக்கம் அறிவித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே விழித்துவிட்டாள். நாற்காலிகளை நகர்த்தினாள். அப்பா பார்வையில் அவன் காது படாதபடி ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். அம்மா வந்து அதை நேராக்கினாள். அவள் மறுபடி திருப்பினாள். ஒன்பதரைக்கு ஜன்னல், ஒன்பதே முக்காலுக்கு வாசல், மறுபடி ஜன்னல். வராமலே இருந்துவிட்டால்? வந்து, போட்டுக்கொண்டு, பாதியில் பேட்டரி தீர்ந்துவிட்டால்? போட்டுக்கொள்ளாமல் வந்தால்? இந்த மூன்றில் எதற்கு அதிகம் பயப்படுகிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மணி அடித்தது. அவள் ஓடிப்போய்த் திறந்தாள். நீலச் சட்டை, படிய வாரிய தலை. முதலில் அவள் பார்த்தது காதுகளைத்தான். இரண்டும் வெறுமையாக இருந்தன.

"எங்க அது?" என்றாள் உதட்டசைவில். அவன் பையைத் தட்டிக் காட்டிவிட்டு அவளைத் தாண்டி உள்ளே போனான்.

அப்பா எழுந்து நின்று கை கொடுத்தார். "வாங்க. வாங்க. உங்க பேரு?"

மனிதன் எத்தனையோ வார்த்தைகளைச் சுற்றிக்கொண்டு போகலாம், வேறு வார்த்தை போட்டுச் சமாளிக்கலாம். சொந்தப் பெயருக்கு மாற்று கிடையாது. அவன் எப்போதும் மாட்டிக்கொள்வது அங்கேதான். உதடு குவிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் கேட்டது. அப்பாவின் புருவம் மெல்ல உயர்ந்தது. அவளால் பொறுக்க முடியவில்லை.

"அப்பா, இவர் பேரு..."

அவன் அவளைப் பார்க்காமலே கையை உயர்த்தினான். "நா... நான் சொல்றேன்."

சொன்னான். பத்து நொடிக்கு மேல் ஆயிற்று. முழுப் பெயரையும், தன் அப்பா பெயரின் முதலெழுத்தோடு சேர்த்து, சொல்லி முடித்தான். முடித்துவிட்டுத்தான் கையைக் கீழே போட்டான்.

"எ... எனக்குப் பேச்சு திக்கும் சார். சி... சின்ன வயசிலேருந்து. உங்களுக்குத் தெ... தெரியும்னு நினைச்சேன். தெரியாதுன்னு நே... நேத்துதான் தெரிஞ்சுது."

அப்பா அவனைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்.  அவள் தரையைப் பார்த்தாள். டீயோடு வந்த அம்மா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"உக்காருங்க" என்றார் அப்பா கடைசியில். ஒரே தடவைதான் சொன்னார். அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவன் உட்கார்ந்தான். பையிலிருந்து சோப்பு டப்பாவை எடுத்து நடுமேசையில் வைத்தான்.

"இது என்ன?"

"உங்க பொண்ணு எ... எனக்காகப் பண்ணினது. இதைப் போட்டுக்கிட்டா நா... நான் திக்காம பேசுவேன். இன்னைக்குப் போ... போட்டுக்கிட்டு வரச் சொன்னா."

"அப்புறம் ஏன் போட்டுக்கலை?"

"பே... பேட்டரி நாலு மணி நேரம்தான் சார் வரும்."

டீயை மேசையில் வைத்த அம்மா பக்கென்று சிரித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா சிரிக்கவில்லை. ஆனால் டப்பாவை எடுத்து மூடியிலிருந்த துளையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். மைக் என்றால் அவர் கை சும்மா இருக்காது.

"இவ்வளவூண்டு மைக்கா? என் மைக் ரெண்டு கிலோ இருக்கும்." ஹெட்போனை இரண்டு காதிலும் செருகிக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார், தொண்டையைச் செருமினார். அடுத்து வரப்போவது என்ன என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எந்த மைக்கைக் கண்டாலும் அவர் அதைத்தான் சொல்வார்.

"பயணிகள் கவனிக்கவும். நான்காவது மேடைக்கு வந்து... வந்து சேர... சேரவேண்ண்டிய..."

நின்றார். காதைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி ஆரம்பித்தார்.

"பயணி... பயணிகள் கவ... கவனிக்க்க... நான்... நான்..."

தூக்கத்திலும் உளறாத மனிதர். வெள்ளம் வந்து பதினேழு வண்டிகளின் நேரம் மாறியபோதும் ஒரு எழுத்துப் பிசகாமல் அறிவித்தவர். அவர் நாக்கு இப்போது குடிகாரன் கால்போலப் பின்னிக்கொண்டது. மூன்றாவது முறை 'பயணிகள்' என்ற சொல்லையே அவரால் தாண்ட முடியவில்லை. நெற்றியில் வேர்த்துவிட்டது.

"முப்பது வருஷமா ரெண்டு ரெண்டு தடவை சொன்ன மனுஷன், இப்ப ஒரு தடவைக்கே மூச்சு வாங்கறீங்களே" என்றாள் அம்மா.

அப்பா ஹெட்போனைக் கழற்றினார். டப்பாவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னது இது? நான் பேசறதே என்னை மறிக்குது."

"ச... சரளமாப் பேசறவங்களை இது நிறுத்தும் சார். என்னை மாதிரி ஆளுங்களை ஓ... ஓட விடும்."

அவள் அன்று படிக்காமல் மூடிய பக்கத்தின் மிச்சம் அதுதான். அவன் முழுவதையும் படித்திருக்கிறான்.

அப்பா டீயை எடுத்துக் குடித்தார். தான் எப்போதும் குடிக்கும் காப்பி இல்லை அது என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"வார்த்தை என்னன்னு தெரியுது. வாய்ல இருக்கு. வர மாட்டேங்குது" என்றார் பிறகு, மெதுவாக. "உனக்கு எப்பவும் இப்படித்தான் இருக்குமா?"

"இதை... இதைவிடக் கொஞ்சம் மோசம் சார்."

"இந்தக் கஷ்டத்தை வச்சுக்கிட்டா மணியடிச்சு உள்ள வந்து பேரைச் சொன்ன?"

 அது கேள்வி இல்லை. அப்பா மகள் பக்கம் திரும்பினார்.

"நீ ஏன் சொல்லலை?"

"நீங்க போன வருஷம் அந்தப் பையனை..."

"அவன் சோம்பேறித்தனமா முணுமுணுத்தான். அது வேற." நிறுத்தினார். "இல்ல. சொல்லியிருந்தா நான் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். அது உண்மை. அதுக்காக நீ மறைச்சது சரியாயிடாது." டம்ளரைக் கீழே வைத்தார். "எவ்வளவோ வண்டி லேட்டா வந்திருக்கு. லேட்டா வர்ற வண்டியை ரத்துன்னு நான் ஒரு நாளும் அறிவிச்சதில்ல. இந்த விஷயத்துல அறிவிச்சிருப்பேன்."

பிறகு அவர் அவனிடம் போர்டைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். அந்த மைக்குக்குக் காற்றுச் சத்தம் பிடிக்குமா, நிலையத்துக் கூரையின் கீழே எதிரொலி வருமே, அதை இது என்ன செய்யும்? அவன் நின்று நின்று பதில் சொன்னான். ஒவ்வொரு முறை அவன் நிற்கும்போதும் அப்பாவின் விரல்கள் நாற்காலிக் கையைப் பற்றிக்கொண்டன. அவருக்கும் சிரமமாகத்தான் இருந்தது. ஆனால் குறுக்கே பேசவில்லை. அரை மணி நேரம் பேசியிருக்க வேண்டிய பேச்சு ஒன்றேகால் மணி நேரம் நடந்தது. அவள் அதில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேச வேண்டிய இடங்களிலெல்லாம் உள்ளங்கையை நகத்தால் அழுத்திக்கொண்டாள்.

எழுந்தபோது அவன், "வ... வர்றேன் சார்" என்றான்.

"சார் என்ன சார். மாமான்னு கூப்பிடு."

"சார்-னா சீ... சீக்கிரம் வரும். அ... அதுக்குக் கொஞ்சம் நேரமாகும்."

"எனக்கென்ன, வண்டியா போயிடப் போகுது?" என்றார் அப்பா. "அடுத்த வாரம் உங்க அம்மா அப்பாவைக் கூட்டிட்டு வா. அடுத்த வாரம் கூட்டிட்டு வா."

அம்மா கதவில் சாய்ந்துகொண்டு பெருமூச்சு விட்டாள். இரண்டு தடவை சொல்லிவிட்டார். இனி மாறாது.

அவள் பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்தாள். தெருவில் யாரோ காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. காலையிலிருந்து அவளிடம் அவன் சொன்னது ஒரே வாக்கியம், அதுவும் கையை உயர்த்தி.

"அப்பாவுக்கு உன்னைப் பிடிச்சுப்போச்சு" என்றாள்.

"ம்."

"கோவமா?"

"ம்."

"மன்னிச்சுடு. அப்பாவுக்குப் பயந்துதான் அப்படிப் பண்ணிட்டேன். வேற ஒண்ணும் இல்ல. நிஜமா. அப்பா குரல், பேச்சுன்னு பார்க்கறவர், அதனாலதான், உனக்குத் தெரியும்ல, நான் உன்னைப் போய்..." வார்த்தைகள் கொட்டிக்கொண்டே போயின.

நிறுத்தத்துக் கம்பியில் சாய்ந்து அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் மூச்சு விட்ட இடத்தில் பையைத் திறந்து சோப்பு டப்பாவை எடுத்தான். ஹெட்போனை அவள் கையில் வைத்தான்.

"இ... இதைப் போட்டுக்கிட்டு சொல்லு."

"என்ன விளையாட்டு இது?"

"நீ வே... வேகமாச் சொல்றப்ப எ... எனக்கு எது நிஜம்னு தெரியலை."

அவள் காதில் செருகிக்கொண்டாள். அவன் டப்பாவை அவள் வாயருகே பிடித்தான்.

"மன்னி..." என்றாள். அவள் குரல் கால் நொடி கழித்து வந்து அவள் நாக்கைப் பிடித்து இழுத்தது. "மன்னிச்... மன்னிச்சு..." நின்றாள். தலையை உதறிக்கொண்டாள். அடுத்த வார்த்தையைத் தேடினால் முந்தையது காதில் வந்து இடித்தது. அப்பாவுக்குப் பயம் என்ற நீளமான காரணமெல்லாம் இதன் வழியாக வராது என்று தெரிந்தது. அத்தனை வார்த்தைகளை இழுத்துக்கொண்டு போக முடியாது. மிஞ்சியது சின்ன வாக்கியம்தான்.

"எனக்கு... எனக்குத்தான்... வெட்க... வெட்..."

அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வரப்போகிற வார்த்தை எது என்று அவனுக்குத் தெரியும். அவன் கண்ணில் அது இருந்தது. உதடு லேசாகப் பிரிந்தது. சொல்லிவிடுவான், முடித்து வைத்துவிடுவான், இந்த அவஸ்தையிலிருந்து விடுவிப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் சொல்லவில்லை. டப்பாவை இன்னும் கொஞ்சம் அருகில் பிடித்தான்.

அந்த இடத்தில்தான் அவளுக்கு அந்த இரண்டு வருடமும் புரிந்தது. 'நாளைக்கா?' 'குரல் குடுக்கற மாதிரி.' 'சொல்லலை.' பத்துக்கு எட்டு சரி என்று தான் பெருமைப்பட்ட எல்லா இடங்களிலும் அவன் இப்படித்தான் வாயில் பாதி வார்த்தையோடு நின்றிருப்பான். அதை அவள் பறித்துக்கொண்டு போயிருக்கிறாள்.

பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். அவன் போகலாம் என்று கையைக் காட்டினான். பஸ் போயிற்று.

அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வார்த்தையின் ஆரம்பத்திலிருந்து மறுபடி தொடங்கினாள்.

"வெட்... வெட்கமா... இருந்..."

அவன் காத்திருந்தான்.